ரிப்போர்ட் நார்மல்தானா?

இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டும்போது நம்மில் பலர் எதிர்பார்த்து நிற்பது ‘நார்மல்’ என்ற ஒரே சொல்லைத்தான். மருத்துவத்தில் அதற்கு மூன்று பொருள் உண்டு: பெரும்பாலோரிடம் காணப்படும் அளவு, உடலுக்கு நல்ல அளவு, இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாத அளவு. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் வீண் பயமும் வருகிறது, அதைவிட ஆபத்தான வீண் நிம்மதியும் வருகிறது.

பயத்தை முதலில் பார்ப்போம். நலமாக இருக்கும் பலரைச் சோதித்து, நடுவில் அமையும் 95 சதவீதத்தினரின் அளவுகளையே ஆய்வகங்கள் பெரும்பாலும் வரம்பாகக் கொள்கின்றன. ஆகவே நோயே இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 5 பேர் வரம்புக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்துகொண்டால், நல்ல உடல்நிலை உள்ளவருக்கும் ஒன்றாவது வரம்பைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். தடித்த எழுத்தில் வந்த ஒரு எண்ணுக்காகத் தூக்கம் கெட்டுத் தவிப்பவரிடம் இதைச் சொல்ல வேண்டாமா? மறுபக்கம் இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. தலையெண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் சோர்ந்து கிடப்பதே நார்மல் ஆகிவிடும். ‘பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று வீடுகளில் சொல்வதும் அந்தக் கணக்குதான். உலக சுகாதார நிறுவனம் அப்படி விடவில்லை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகைதான், ஊரில் எத்தனை பேருக்கு இருந்தாலும்.

‘வரம்பையே மாற்றி மாற்றி நம்மை நோயாளியாக்குகிறார்கள், எல்லாம் மருந்து விற்கத்தான்’ என்பார்கள் சிலர். வெறும் வயிற்றில் 140 என்றிருந்த சர்க்கரை நோய் எல்லையை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997-இல் 126 ஆக்கியது உண்மை. சந்தேகப்படுவதும் நியாயமே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆதாரம் கேட்கத்தான் வேண்டும். இந்த மாற்றத்துக்கு ஆதாரம் இருந்தது: விழித்திரை பாதிப்பு 140-க்கு முன்பே தலைகாட்டத் தொடங்குகிறது. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் மருத்துவர் இவ்வளவையும் விளக்க முடியாது என்பதும் சரிதான். ஆனால் ‘எனக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் எப்படி?’ என்று கேட்க அரை நிமிடம் போதும். ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் 0.6 ஆக இருந்த கிரியாட்டினின் 1.1 ஆனால், பல ஆய்வகங்களின் தாளில் அது வரம்புக்குள்தான் இருக்கும். அவருடைய சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனோ பாதியளவுக்குக் குறைந்திருக்கக்கூடும். பழைய ரிப்போர்ட்டும் கையில் இருந்தால்தான் அது மருத்துவர் கண்ணில் படும்.