கழுத்தில் கட்டி, இருபதில் கீமோ

பல் சொத்தையானால் நெறி கட்டும். காலில் முள் ஏறிப் புண்ணானால் நெறி கட்டும். கிருமியோடு சண்டை நடக்கும்போது நிணநீர்க் கணுக்கள் வீங்குவது இயல்பு. புண் ஆறியதும் அவை தானாக வற்றிவிடும். ஆனால் எந்தப் புண்ணும் இல்லாமல், வலியும் இல்லாமல், கழுத்திலோ அக்குளிலோ தொட்டால் ரப்பராக நழுவும் ஒரு கட்டி மூன்று வாரத்துக்கு மேல் நின்றுவிட்டால் அதை லேசாக விட்டுவிடக் கூடாது. வலி இல்லையே என்ற நிம்மதிதான் இதில் ஏமாற்றுகிறது.

இருபது வயதில் புற்றுநோயா என்று கேட்கலாம். வரும். 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைப் புற்றுநோய் மருத்துவம் தனிப் பிரிவாகவே பார்க்கிறது. ரத்தப் புற்று, எலும்புப் புற்று, விரைப்பைப் புற்று, தைராய்டு, மார்பகம் என்று பட்டியல் நீளும். அதில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஹாட்ஜ்கின் லிம்போமா. 1832இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் முதலில் விவரித்த நிணநீர்ப் புற்று. இது இருபதுகளில்தான் அதிகம் தலைகாட்டும். பிறகு ஐம்பத்தைந்தைத் தாண்டி மறுபடி ஒரு சுற்று. இதை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள். குணமாக நல்ல வாய்ப்புள்ள புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. ஆரம்ப நிலையில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் தேறிவிடுகிறார்கள். இன்னொன்று, நம் ஊரில் இதை வேறு நோய் என்று நினைத்துக் காலம் கடத்துவது வெகு சுலபம்.

நடிகை மம்தா மோகன்தாஸை மதுரை ரசிகர்களுக்குத் தெரியும். 2006இல் 'சிவப்பதிகாரம்' படத்தின் மூலம் தமிழுக்கு வந்தவர், 'வில்லு' படத்தில் பாடியவர். 24 வயதில் அவருக்கு இந்த நோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்தார், தேறினார், 2012இல் 'தடையறத் தாக்க' வந்தது. 2013இல் நோய் திரும்பி வந்தது. அமெரிக்கா போய் மறுபடி சிகிச்சை. 2021இல் 'எனிமி', 2024இல் 'மகாராஜா'. அந்தப் படத்தில் விளையாட்டு ஆசிரியையாக வந்தவரைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு முறை லிம்போமாவைக் கடந்தவர் என்ற நினைவு வந்திருக்கும்? வராததே நல்லது. தேறியவரைத் தேறியவராக மட்டும் பார்க்க நாம் இன்னும் பழகவில்லை.

அவர் கதையில் நான் கவனிக்கச் சொல்வது அந்த 2013ஐ. திரும்பி வந்தால் அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஹாட்ஜ்கினில் அப்படி இல்லை. இரண்டாம் கட்ட கீமோ இருக்கிறது, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது, புதிய நோயெதிர்ப்பு மருந்துகளும் வந்துவிட்டன.

இனி, காலம் எங்கே கடக்கிறது என்று பார்ப்போம். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி தலையணை நனையும் வேர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் நெறி. இதைக் கேட்டதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது டி.பி. தோப்பூர் ஆஸ்டின்பட்டி நெஞ்சக நோய் மருத்துவமனை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறாதவர்கூட அந்தப் பெயர் கேட்டிருப்பார். நம் நாட்டில் டி.பி. அதிகம், ஆகவே மருத்துவர் அதை முதலில் சந்தேகிப்பது தப்பே இல்லை. சோதனை செய்து உறுதிப்படுத்தாமல், "எதற்கும் ஆரம்பித்துப் பார்ப்போம்" என்று ஆறு மாத மாத்திரையைத் தொடங்குவதுதான் தப்பு. கட்டி கொஞ்சம் சுருங்கியதுபோல் தெரியும், பிறகு வளரும். ஹாட்ஜ்கின் கட்டிகள் சில சமயம் தாமாகவே ஏறி இறங்கும். அதற்குள் முதல் நிலையில் இருந்தது மூன்றாம் நிலைக்குப் போயிருக்கும்.

ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை மட்டும் இங்கே போதாது. இந்த நோயில் புற்று செல்கள் சொற்பம். சுற்றிலும் சாதாரண செல்களே நிறைந்திருக்கும். ஊசி முனையில் அவை சிக்காமல் போகலாம். கணுவை முழுதாக எடுத்துச் செய்யும் பயாப்சியில்தான் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்ற அடையாளச் செல்லை உறுதியாகப் பார்க்க முடியும். "கத்தி பட்டால் பரவிடும்" என்று பயாப்சியைத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் இன்னும் உண்டு. கணுவை எடுப்பதால் லிம்போமா பரவுவதில்லை. எடுக்காமல் விட்டால்தான் பரவும்.

பயாப்சிக்குப் பிறகு பெட்-சி.டி. ஸ்கேன். வெறும் வயிற்றில் போக வேண்டும், ஏனென்றால் உடம்பில் செலுத்துவது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. சர்க்கரையை ஆவலாக இழுத்துக்கொள்ளும் இடங்கள் படத்தில் ஒளிரும். நோய் எங்கெல்லாம் இருக்கிறது, எந்த நிலை என்பது அதில் தெரியும்.

சிகிச்சைக்கு ஏ.பி.வி.டி. என்று பெயர், நான்கு மருந்துகளின் முதலெழுத்து. 1970களில் மிலன் நகர மருத்துவர் ஜியானி பொனடோனா வகுத்தது. இன்றும் உலகம் முழுக்க அதுதான் அடித்தளம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, நோயின் நிலையைப் பொறுத்து நான்கு முதல் பன்னிரண்டு முறை. முதல் மருந்து அட்ரியாமைசின், செக்கச்செவேல் என்று இருக்கும். நர்ஸ் அதைச் சிரிஞ்சில் எடுத்து, நரம்பில் சரியாக ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து மெதுவாகத் தள்ளுவார். வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும் என்பதால் அந்த நிதானம். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயப்பட வேண்டாம். நான்காவது டகார்பசின். வெளிச்சம் பட்டால் கெடும் என்று பாட்டிலுக்குக் கறுப்பு உறை போட்டிருப்பார்கள். ஏறும்போது கை நரம்பு நெடுக எரியும், வேகத்தைக் குறைத்தால் எரிச்சலும் குறையும். எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதான வின்பிளாஸ்டின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் நித்தியகல்யாணி. 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் இதன் இலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தமிழ்நாட்டின் தென் மாவட்ட மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் இலையை அரைத்துக் குடிக்கக் கிளம்பக் கூடாது. அது விஷச் செடி. பல கிலோ இலையிலிருந்து துளியளவு பிரித்து, அளந்து ஏற்றும்போதுதான் மருந்து.

இரண்டாவது மருந்து ப்ளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கலாம். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது என்றால் அடுத்த முறை வரை காத்திராமல் உடனே சொல்ல வேண்டும். இந்த மருந்து ஏறியவர் பின்னாளில் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு வந்தது வேறு புற்று, இரு நுரையீரலுக்கும் நடுவே ஒரு கட்டி; ஆனால் அவருக்குப் போட்ட கீமோவிலும் ப்ளியோமைசின் உண்டு. 2011 மார்ச் 20, உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே 113 ரன் அடித்தார். சென்னை வெயில் என்று நினைத்தார். 2012 செப்டம்பர் 11, சிகிச்சை முடிந்து அதே சேப்பாக்கத்தில் திரும்ப இறங்கினார். எடுத்தது 34 ரன், இந்தியா தோற்றது ஒரு ரன்னில்.

கீமோ நாட்களில் மறக்கக் கூடாத எண் 100.4. உடம்புச் சூடு அந்த ஃபாரன்ஹீட் அளவைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணத் தொற்றும் உயிருக்கு வினையாகும். அந்த நாட்களில் அழகர் ஆற்றில் இறங்குவதை டி.வி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டோர ஜிகர்தண்டாவும் வெட்டி வைத்த பழமும் சில மாதம் பொறுக்கட்டும்.

சிகிச்சை தொடங்கும் முன் யாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. கீமோவும் கதிர்வீச்சும் குழந்தை பெறும் திறனைப் பாதிக்கலாம். ஏ.பி.வி.டி.யில் அந்த ஆபத்து குறைவு, நோய் திரும்பினால் கொடுக்கும் மருந்துகளில் அதிகம். ஆண்கள் விந்தணுவை முன்கூட்டியே உறைய வைக்கலாம், பெண்களுக்குக் கருமுட்டையைப் பாதுகாக்க வழி இருக்கிறது. இருபது வயதுப் பையன் அம்மாவை வைத்துக்கொண்டு இதைக் கேட்க மாட்டான். அப்பாவோ மாமாவோ மருத்துவரோ, யாராவது ஒருவர் அவனைத் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும்.

செலவு? மதுரையில் பாலரெங்காபுரத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிற கதிர்வீச்சுச் சிகிச்சை நடப்பது அங்கேதான். தனியாருக்குப் போனாலும், ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை உண்டு. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் அட்டை எடுக்கலாம். நோய் தெரிந்த வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவதென்றால், மருத்துவமனைச் சான்றோடு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர்.

சிகிச்சை முடிந்தபின் வருவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முடி முளைத்துவிடும், களைப்பு பல மாதம் நிற்கும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய இரவு தூக்கம் வராது. முதல் இரண்டு ஆண்டுகளில்தான் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. வாழ்க்கையைப் புதிய கண்ணால் பார்க்கிறேன் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் தேறி வந்த பிள்ளையிடம் அதை எதிர்பார்த்து உட்காரக் கூடாது. அவனுக்கு வேண்டியது விட்ட அரியர் பேப்பரை எழுதுவது, பழையபடி வேலைக்குப் போவது. அவளுக்கு வேண்டியது, மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கச் சொல்லாத பெற்றோர். மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் பரிசோதனையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வேலை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது, கதிர்வீச்சு எந்த இடத்தில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்ரியாமைசினுக்கு ஆயுள் முழுமைக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. இருபது வருடம் கழித்து இதய மருத்துவர் கேட்பது அந்தக் கணக்கைத்தான். பயாப்சி அறிக்கையோடு அந்தத் தாளையும் செல்போனில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள்.