டிராவல் டிரெய்லரில் கரண்ட் மாற்றுவது எப்படி? உயிரைப் பறிக்கும் அந்த ஒரு தவறு என்ன?

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டையே இழுத்துக்கொண்டு டூர் போவார்கள். அதுதான் டிராவல் டிரெய்லர். கட்டில், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கும். சரி, இவ்வளவுக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகள்

டிரெய்லர்களை நிறுத்தும் கேம்ப் மைதானத்தில் ஒரு மின்பெட்டி இருக்கும். அதில் கேபிளைச் செருகி எடுப்பது 'ஷோர் பவர்'. துறைமுகத்தில் நிற்கும் கப்பல் கரையிலிருந்து மின்சாரம் எடுப்பதால் வந்த பெயர் இது. 30 ஆம்ப், 120 வோல்ட் இணைப்பு என்றால் 3,600 வாட் வரை கிடைக்கும்.

காட்டுப்பக்கம் நிறுத்தினால் அந்தப் பெட்டி இருக்காது. அப்போது கைகொடுப்பது இன்வெர்ட்டர். பேட்டரியின் 12 வோல்ட் டிசி கரண்டை இது 120 வோல்ட் ஏசி கரண்டாக மாற்றித் தரும்.

எங்கே ஆபத்து?

இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வயரிங்கில் சேரவே கூடாது. சேர்ந்தால் சாதாரண இன்வெர்ட்டர் எரிந்துபோகலாம், தீயும் பிடிக்கலாம்.

சிலர் செலவை மிச்சம் பிடிக்க, இரண்டு முனையிலும் பின் உள்ள கேபிளைத் தயார் செய்து, இன்வெர்ட்டர் கரண்டை டிரெய்லரின் சுவர் பிளக் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். ஒரு முனை கழன்றால் வெளியே தெரியும் பின்னில் 120 வோல்ட் பாயும். தொட்டால் உயிரே போகலாம். இதை அங்கே 'தற்கொலை கேபிள்' என்றே சொல்கிறார்கள். அதைப் பயன்படுத்தும்போது ஷோர் கேபிளின் பிளக்கிலும் கரண்ட் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

சரியான வழி என்ன?

டிரான்ஸ்ஃபர் சுவிட்ச். நம்ம ஊரில் ஜெனரேட்டருக்குப் போடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மாதிரிதான். ஒரு இணைப்பை முழுசாகத் துண்டித்த பிறகே அடுத்ததைச் சேர்க்கும். தானாக மாறும் வகையும் உண்டு. சுவிட்ச் இல்லாதவர்கள், ஷோர் கேபிளை மின்பெட்டியிலிருந்து பிடுங்கி, தகுந்த அடாப்டருடன் இன்வெர்ட்டரில் செருகலாம். இருப்பது ஒரே பிளக் என்பதால் இரண்டும் சேர வாய்ப்பே இல்லை.

பேட்டரி சீக்கிரம் தீருதா?

டிரெய்லரில் பேட்டரியை சார்ஜ் செய்யும் 'கன்வெர்ட்டர்' இருக்கும். முழு டிரெய்லருக்கும் இன்வெர்ட்டர் கரண்ட் போனால், பேட்டரி கரண்டை எடுத்து அதே பேட்டரிக்கே சார்ஜ் போடும் கூத்து நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இழப்புதான். அதனால் கன்வெர்ட்டரின் பிரேக்கரை ஆஃப் செய்துவிட வேண்டும். கேஸிலும் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் அதை கேஸுக்கு மாற்றிவிடலாம்.

ஏசி ஓடுமா? 12 வோல்ட், 100 ஆம்ப்-அவர் பேட்டரியில் இருப்பது சுமார் 1,200 வாட்-அவர்தான். 1,500 வாட் இழுக்கும் ஏசி ஒரு மணி நேரம்கூட தாங்காது.

மாற்றும் வரிசை

1. ஏசி, ஹீட்டர் போன்றவற்றை ஆஃப் செய்யவும்.
2. மின்பெட்டியின் பிரேக்கரை ஆஃப் செய்து, கேபிளைக் கழற்றவும்.
3. கன்வெர்ட்டர் பிரேக்கரை ஆஃப் செய்யவும்.
4. கடைசியாக இன்வெர்ட்டரை ஆன் செய்யவும்.

மறுபடி ஷோர் பவருக்கு வரும்போது, முதலில் இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிட்டுத்தான் கேபிளில் கை வைக்க வேண்டும்.