மூலம் இல்லாத பிரதி

செஞ்சியில் என் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. எட்சிங் என்று சொல்லி விற்றார்கள். கீழ் ஓரத்தில் பென்சிலால் 7/25 என்ற எண், ஒரு கையெழுத்து. பல மாதச் சேமிப்பு அதற்குப் போயிற்று. பார்த்த அப்பா கேட்டார்: “அச்சடிச்ச படம்தானேப்பா? இதுக்கா இவ்வளவு காசு?”

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியவில்லை. ‘பிரதி’ என்ற சொல்லை வைத்து நாம் எவ்வளவோ விவாதித்திருக்கிறோம். நகல் என்ற அதன் பழைய அர்த்தத்தைத்தான் மறந்துவிட்டோம். அச்சோவியம் அதை ஞாபகப்படுத்துகிறது.

எட்சிங் எப்படி உருவாகிறது? செப்பு அல்லது துத்தநாகத் தகட்டில் அமிலம் அரிக்காத பூச்சு ஒன்றைத் தடவி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுகிறார்கள். கீறிய இடம் மட்டும் அரிபட்டுப் பள்ளமாகும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் ஒரு படம். அடுத்த படத்துக்கு மறுபடியும் மை, மறுபடியும் துடைப்பு. தகடு படமல்ல, அதில் உருவம் இடவலம் மாறிக் கிடக்கும். ஆக, மூலம் என்று தனியே ஒன்று இல்லை. இருபத்தைந்துமே மூலம், இருபத்தைந்துமே பிரதி. எடுத்து முடித்ததும் தகட்டின் குறுக்கே கீறி அதை ரத்து செய்வது வழக்கம். 7/25 என்பது இனி எடுக்கமாட்டேன் என்று கலைஞர் தரும் வாக்கு.

ஏன் 25? அமிலமின்றி நேரடியாகக் கீறும் டிரைபாயின்ட் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே வரம்புக்குப் பௌதிகக் காரணம் உண்டு. எட்சிங் தகடு அதைவிட அதிகம் தாங்கும். அங்கே எண்ணிக்கையைச் சந்தையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் படங்கள் எண் எதுவுமின்றிப் பூஜையறைவரை போயின. அச்சுப் பெருக்கத்தில் கலைப்படைப்பின் ஒளிவட்டம் மங்குகிறது என்று வால்டர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். அப்படியானால், பென்சில் எண் அந்த ஒளிவட்டத்தைத் திரும்ப விலைக்கு வாங்கும் தந்திரமா?

ஓரளவு ஆம். ஆனால் ரவிவர்மாவின் படங்கள் முன்பே தீட்டிய ஓவியங்களின் நகல்கள். 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பனை எடுத்துக்கொள்வோம். டமரிண்ட் நிறுவனத்தில் லித்தோகிராஃப் பயின்றவர். ‘ஏலியன் பிளானட்’ போன்ற வரிசைகளில் எண்ணும் கோடும் பறத்தலின் தடமும் அச்சுக்குள்ளேயே பிறக்கின்றன. அச்சு அவருக்குப் பெருக்கும் கருவி அல்ல, யோசிக்கும் முறை.

இதையெல்லாம் படித்த பிறகுதான் என் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோடு என்று நினைத்தது சின்னச் சின்ன நிறப்புள்ளிகளாகச் சிதறியது. தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடமும் இல்லை. இங்க்ஜெட். இங்க்ஜெட் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. விற்ற இடத்துக்குப் போன் போட்டேன். “படம் ஒண்ணுதானே சார்?” என்றார்கள். அப்பா விலையைக் கேட்டார். இவர்கள் உழைப்பையே அழித்துவிட்டார்கள்.

அப்படியும் நான் சேகரிப்பதை விடவில்லை. ஓவியம் ஒன்று ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். பெரும்பாலும் அது பெருநகரமாகவே இருக்கும். அச்சோவியம் சென்னையில் இருக்கும்போதே ராஜகிரி அடிவாரத்து வீட்டிலும் இருக்கலாம். பன்மைதான் அதன் அரசியல். ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை மறைத்த கணமே அந்த அரசியல் செத்துப்போகிறது.

பிறகு ஒரு மாணவரின் சின்ன எட்சிங் வாங்கினேன். லென்ஸில் பார்த்துத்தான் வாங்கினேன். அப்பா பின்பக்கம் விரலால் மெல்லத் தடவினார். “இங்க மேடா இருக்கே?” என்றார். தகடு அழுந்திய இடம் என்றேன். விலையை மட்டும் அவர் இந்தத் தடவை கேட்கவில்லை.