இந்தியாவில் புதிய கார் முன்பதிவும் காத்திருப்புக் காலமும்

புதிய கார் முன்பதிவு என்பது, விற்பனையாளரிடம் (டீலர்) உடனடியாகக் கையிருப்பில் இல்லாத ஒரு காரை முன்பணம் செலுத்திப் பதிந்துவைக்கும் முறையாகும். பேச்சுவழக்கில் இது 'புக்கிங்' எனப்படுகிறது. பதிந்த நாளுக்கும் கார் கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் காத்திருப்புக் காலம் ஆகும். இது மாடலைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் நீள்வதுண்டு. ரேஷன் கடையில் நிற்பதுபோல இதுவும் ஒற்றை வரிசை, முதலில் வந்தவருக்கு முதலில் கிடைக்கும் என்றே பலர் எண்ணுகின்றனர். நடைமுறையில் அப்படி இல்லை. ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே மாடலைப் பதிந்த இருவரில் ஒருவர் இரண்டு மாதத்தில் வண்டி எடுப்பதும் மற்றவர் பத்து மாதம் காத்திருப்பதும் சாதாரணமாக நடக்கிறது.

வரலாறு

இந்தியாவில் கார் வாங்கக் காத்திருப்பது புதிய வழக்கம் அன்று. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, எந்தத் தொழிற்சாலை எதைத் தயாரிக்கலாம் என்பதற்கு அரசின் உரிமம் தேவைப்பட்டது. இதனால் பல பத்தாண்டுகளுக்குச் சந்தையில் மூன்று பெயர்களே முதன்மையாக இருந்தன: மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் தயாரான பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட் (பின்னாளில் பத்மினி), சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கார் பங்கீட்டையும் விற்பனையையும் முறைப்படுத்த 1959இல் அரசு தனியாக ஒரு கட்டுப்பாட்டு ஆணையே பிறப்பித்தது. ஸ்கூட்டரின் நிலையும் இதுவே. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்நியச் செலாவணியில் பணம் கட்டுவோருக்கு அந்த வரிசை பொருந்தவில்லை. வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு வண்டி விரைவில் கிடைத்தது.

1983ஆம் ஆண்டு ஏப்ரலில் மாருதி உத்யோக் நிறுவனம் தன் 800 சி.சி. காருக்கு முன்பதிவு தொடங்கியது. முன்பணம் 10,000 ரூபாய். காரின் அறிவிக்கப்பட்ட விலையோ 47,500 ரூபாய். விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தும், இரண்டே மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பதிந்தனர். யாருக்கு எந்த வரிசை எண் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் வழங்கினார். வரிசையில் முன்னால் இருந்தவர்கள் தங்கள் முறையைக் கூடுதல் தொகைக்குப் பிறருக்குக் கைமாற்றும் வழக்கமும் அப்போது பரவியது. இந்தத் தொகை 'பிரீமியம்' அல்லது 'ஆன்' எனப்பட்டது. விலையைக் கட்டிவைத்து எண்ணிக்கையைக் கூட்டாமல் விட்டால், நடுவில் இப்படியொரு இரண்டாம் விலை முளைப்பதைத் தடுப்பது கடினம்.

2009ஆம் ஆண்டில் டாட்டா நானோ காருக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் வந்தபோது, முதல் ஒரு லட்சம் பேர் மீண்டும் கணினிக் குலுக்கலாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்பணத்தை விட்டுவைத்துக் காத்திருக்க விரும்பியவர்களுக்கு நிறுவனம் வட்டி தந்தது. இன்று முன்பணத்துக்கு வட்டி தருவது வழக்கத்தில் இல்லை.

இணையவழி முன்பதிவு வந்தபின் காட்சி மாறியது. 2021 அக்டோபரில் மஹிந்திரா எக்ஸ்யூவி700 காருக்கு 57 நிமிடங்களில் 25,000 முன்பதிவுகள் நிறைந்தன. அறிமுக விலை அந்த 25,000 பேருக்கு மட்டுமே. அடுத்த நாள் பதிந்தவர்களுக்கு விலை வேறு. 2022 ஜூலையில் ஸ்கார்பியோ-என் காருக்கு அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் முன்பதிவுகள் குவிந்தன. 2024 அக்டோபரில் தார் ராக்ஸ் காருக்கு ஒரு மணி நேரத்தில் 1.76 லட்சம். திருப்பித் தரப்படும் சிறு முன்பணத்தில் பதிய முடிவதால் இவற்றில் எல்லாமே உறுதியான கொள்முதல் ஆவதில்லை. ஒருவரே இரண்டு மூன்று மாடல்களைப் பதிந்துவிட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்வதும் நடக்கிறது.

வரிசை நகரும் விதம்

இந்தியாவில் பெரும்பாலான நிறுவனங்கள் காரை நேரடியாக மக்களுக்கு விற்பதில்லை. தொழிற்சாலை டீலருக்கு விற்கிறது, டீலர் வாடிக்கையாளருக்கு விற்கிறார். (மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2021 முதல் வாடிக்கையாளருக்கு நேரடியாக விலைப்பட்டியல் தருகிறது, இது விதிவிலக்கு.) தொழிற்சாலையிலிருந்து வண்டி புறப்படும்போதே டீலர் அதற்குப் பணம் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் வங்கிக் கடன். எனவே யார்டில் நிற்கும் ஒவ்வொரு காருக்கும் டீலர் நாள்தோறும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். ஷோரூமில் உள்ள விற்பனைப் பிரதிநிதி, கேட்ட காரை விட்டுவிட்டு இருக்கும் காரைப் பற்றியே ஏன் பேசுகிறார் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

அடுத்தது வகைகளின் எண்ணிக்கை. ஒரு மாடலில் ஐந்து வகைகள் (வேரியன்ட்), இரண்டு எஞ்சின்கள், கியர் மாற்றுவதில் இரண்டு முறைகள், ஆறு நிறங்கள் என்று வைத்துக்கொண்டால், பெருக்கிப் பார்க்கும்போது 120 விதமான கார்கள் ஆகின்றன. எல்லாச் சேர்க்கையும் எல்லா மாடலிலும் தயாராவதில்லை என்றாலும், வரிசை ஒன்றல்ல, பல டஜன் என்பது இதிலிருந்து விளங்கும். வெள்ளை நிற நடுத்தர வகை மாதந்தோறும் வரலாம். அதே காரில் மேற்கூரைக் கண்ணாடியுடன் கூடிய உயர்வகை, ஆட்டோமேட்டிக் கியருடன், அரிய நிறத்தில் கேட்டால் அந்தச் சேர்க்கை தொழிற்சாலையில் ஓடும்வரை காத்திருக்க வேண்டும்.

தயாரிப்பும் சீராக நடப்பதில்லை. 2021, 2022 ஆண்டுகளில் உலகெங்கும் ஏற்பட்ட செமிகண்டக்டர் சில்லுத் தட்டுப்பாடு இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு சில்லு வராததால் மற்ற எல்லாம் பொருத்தப்பட்ட கார்கள் யார்டில் நின்றன. மின்னணு வசதிகள் மிகுந்த உயர்வகைகளே அதிகம் பாதிக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் டொயோட்டா நிறுவனம் இன்னோவா ஹைகிராஸ் காரின் உயர்வகைகளுக்கு முன்பதிவையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. வாங்குபவர் பார்வையில், ஓராண்டு காத்திருக்கவைப்பதைவிட இது நேர்மையான செயல்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 'ஆறு மாதம் ஆகும்' என்று ஷோரூமில் சொல்லப்படும் காலம் ஒரு மதிப்பீடு மட்டுமே என்பது தெளிவாகும். முன்பதிவு ரசீதில் அது எழுதப்படுவதும் அரிது.

கிடைக்காத மாடலைத் தேடுதல்

ஒரே நிறுவனத்தின் இரண்டு டீலர்களிடம் காத்திருப்புக் காலம் வெவ்வேறாக இருக்கும். பெருநகர டீலருக்கு ஒதுக்கீடு அதிகம், ஆனால் அவருடைய பட்டியலும் நீளம். மாவட்டத் தலைநகரில் உள்ள சிறிய டீலரிடம் மாதத்துக்கு இரண்டு வண்டிதான் வரும் என்றாலும், வரிசையில் மூவரே இருக்கலாம். ஆகவே எத்தனை மாதம் என்று கேட்பதைவிட, குறிப்பிட்ட வகையிலும் நிறத்திலும் தமக்கு முன்னால் எத்தனை பேர், சென்ற மாதம் அந்த வகையில் எத்தனை வண்டி வந்தது என்ற இரண்டையும் கேட்பது பயன்தரும். இவ்விரண்டு எண்களையும் சொல்ல மறுக்கும் இடத்தில் பணம் கட்ட அவசரப்பட வேண்டியதில்லை.

ரத்தாகும் முன்பதிவு இன்னொரு வழி. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட கார் வந்து சேர்ந்தபின், கடன் அமையாமலோ மனம் மாறியோ அவர் விலகினால், வட்டி ஏறும் அந்த வண்டியை டீலர் விரைவில் தள்ளிவிட விரும்புவார். நிறத்தில் பிடிவாதம் இல்லை, ரத்தானால் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது அமைவதுண்டு. மாத இறுதியும் மார்ச் மாதமும் விற்பனை இலக்கைக் கணக்கிடும் காலம் என்பதால் அப்போது விசாரிப்பது நல்லது.

பக்கத்து மாவட்டத்தில் வாங்குவதில் சிக்கல் இல்லை. வெளிமாநிலத்தில் வாங்கினால் தற்காலிகப் பதிவுடன் கொண்டுவந்து, தாம் வசிக்கும் மாநிலத்தில் பதிந்து அங்குள்ள சாலை வரியைக் கட்ட வேண்டும். வரி குறைவு என்பதற்காக வசிக்காத ஊரின் முகவரியைக் காட்டிப் பதிவு செய்வது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாறானது.

காத்திருக்க முடிந்தவருக்குக் காலமே துணை செய்வதும் உண்டு. 2023 ஜூனில் மாருதி ஜிம்னி விற்பனைக்கு வந்தபோது ஏறத்தாழ 30,000 முன்பதிவுகள் இருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அதே காருக்குத் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது.

முன்பதிவுப் படிவமும் பணமும்

படிவத்தில் மாடல், வகை, எஞ்சின், நிறம், தேதி, முன்பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். நிறுவனத்தின் கணினியில் பதிவானதற்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வரும். அது வராவிட்டால் பெயர் டீலரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது என்று பொருள். பணத்தை டீலர் நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். விற்பனைப் பிரதிநிதியின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பிய தொகையை அவர் வேலையை விட்டுப் போனபின் மீட்பது பெரும்பாடு.

விலை பற்றிய விதி பெரும்பாலும் படிவத்தின் பின்பக்கம் சிறு எழுத்தில் இருக்கும். முன்பதிவு நாளின் விலை அன்று, விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) போடும் நாளின் விலையே செல்லும் என்பதே பொதுவான நிபந்தனை. இது சில நேரம் வாங்குபவருக்குச் சாதகமாகவும் அமையும். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்தபோது, அதற்கு முன் பதிந்து அதன்பின் வண்டி எடுத்தவர்களுக்கு விலை குறைந்தது. அறிமுக விலை உறுதி என்று வாய்மொழியாகச் சொன்னால் அதைப் படிவத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

கடன் வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வங்கி தரும் கடன் ஒப்புதலுக்குக் கால வரம்பு உண்டு. வண்டி வரத் தாமதமானால் அது காலாவதியாகும். அதைவிட மோசமானது, வண்டி ஒதுக்கப்படும் முன்பே கடன் தொகையை டீலருக்கு விடுவிக்கச் செய்வது. காரே இல்லாமல் மாதத் தவணை தொடங்கிவிடும். பழைய காரை முன்கூட்டியே விற்றுவிட்டு, மாதக்கணக்கில் வாடகை வண்டிக்குச் செலவழிப்போரும் உள்ளனர்.

கட்டாயத் துணைப்பொருட்கள்

தட்டுப்பாட்டின் இன்னொரு முகம் இது. வண்டி உடனே வேண்டுமென்றால் இருக்கை உறை, தரைவிரிப்பு, வண்ணப் பாதுகாப்புப் பூச்சு என ஒரு 'அக்சசரிஸ் பேக்கேஜ்' எடுக்க வேண்டும், காப்பீடும் இங்கேயே போட வேண்டும் என்று வற்புறுத்துவது. இது பழைய 'ஆன்' பணத்தின் புதிய உருவம் எனலாம். ரசீது தரப்படுவது மட்டுமே வேறுபாடு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளை வாங்க வேறொரு பொருளையோ சேவையையோ வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என வரையறுக்கிறது. ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டித் தாமதித்து, அதனால் விலை உயர வழிசெய்வதும் அதே வரையறையில் அடங்கும். காப்பீட்டைப் பொறுத்தவரை, விருப்பமான நிறுவனத்தில் பெறும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்றாண்டுகளுக்கு எடுத்தாக வேண்டும் என்பது கட்டாயம். டீலர் சொல்லும் தொகையையும் வெளியில் கிடைக்கும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

ஆன்-ரோடு விலையை ஒரே தொகையாக ஏற்காமல், எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, ஃபாஸ்டாக் எனப் பிரித்து எழுதித் தரக் கேட்க வேண்டும். கையாளுதல் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால், எதற்கு என்று விளக்கம் கேட்கலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு 1 விழுக்காடு டி.சி.எஸ். பிடிக்கப்படும். இது செலவன்று; வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம்.

வண்டி வந்தபின்

முழுப் பணமும் கட்டுமுன் சேசிஸ் எண்ணைக் கேட்டுப் பெறுவது முறை. 17 இடங்கள் கொண்ட இந்த எண்ணில் தயாரிப்பு ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும் எழுத்துகள் இருக்கும். அவை எந்த இடத்தில் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஜனவரியில் வண்டி எடுப்பவருக்குச் சென்ற ஆண்டுத் தயாரிப்பு வருவதுண்டு. பதிவுச் சான்றில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இடம்பெறுவதால், பின்னாளில் விற்கும்போது இது விலையைக் குறைக்கும். காரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, கீறல், மறுபூச்சு, டயர், ஓடிய தூரம் ஆகியவற்றைச் சோதிப்பதும் பதிவுக்கு முன்பே நடக்க வேண்டும். படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (நிறுவனத்தின் சாலைத் தகுதிச் சான்று) ஆகியவற்றுடன் படிவம் 20இல் விண்ணப்பித்துப் பெயரில் பதிவாகிவிட்டால், வேறு வண்டி கேட்பது மிகக் கடினம்.

முன்பதிவை ரத்து செய்ய விரும்புவோர் அதை மின்னஞ்சலில் தெரிவிப்பது நல்லது. எவ்வளவு பிடித்தம் என்பது படிவத்தில் உள்ளபடியே அமையும். முன்பணம் திரும்பாவிட்டாலோ வரிசை மீறப்பட்டதாகத் தெரிந்தாலோ, முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும், பின்னர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் வாங்கியவரே வாதிடலாம். முன்பதிவுப் படிவம், ரசீது, டீலருடன் நடந்த எழுத்துவழித் தொடர்புகள் ஆகியவற்றின் நகல்கள் மனுவுடன் தேவைப்படும்.