உப்புக் காற்றில் ஒரு வீடு

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், கடலுக்கு அண்மையில் அமைந்த உப்பளத்தில் வீடு கட்டுவோர்க்கு அவ்வூரின் பெயரே ஓர் எச்சரிக்கையாகும். அங்கே காற்றிலும் உப்பு உண்டு. கான்கிரீட்டினுள் புகும் அவ்வுப்பு இரும்புக் கம்பியைத் துருவேற்றுகின்றது; துரு, தான் தோன்றிய இரும்பினும் மிகுதியான இடத்தைக் கொள்வதால் கான்கிரீட் வெடித்து உதிர்கின்றது. எனவே எப்பொருளால் கட்டுவது என்னும் வினா இங்கு விலையை மட்டும் பற்றியதன்று.

ஒரு பொருள் மண்ணிலிருந்து எடுக்கப்படுவது தொடங்கி, ஆக்கப்பட்டு, ஏற்றி வரப்பட்டு, பயன்பட்டு, இறுதியில் இடிபாடாகக் கழிவது வரை அதற்காகச் செலவாகும் ஆற்றல், நீர், வெளிவரும் புகை அனைத்தையும் கணக்கிடுவதை வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்பர். இதற்கான பன்னாட்டு நெறிமுறை, ஐ.எஸ்.ஓ. 14040, முதன்முதலாக 1997-இல் வெளியாயிற்று. வீண்விரயத்தை நம் மார்க்கம் கண்டிக்கின்றது. ஆயினும் எது விரயம் என்றறிய அளவு வேண்டுமன்றோ?

அவ்வளவை நம் நாட்டுக் கட்டடப் பொருள்களுக்குக் கண்டளித்தோருள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் குறிப்பிடத்தக்கவர்கள். 2003-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கிலோ சிமெண்ட்டை ஆக்க 5.85 மெகாஜூல் ஆற்றலும், எஃகிற்கு 42-உம், அலுமினியத்திற்கு 236.8-உம் செலவாகின்றன. (அலுமினியம் எடை குறைந்தது, ஆதலின் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடாமல், சன்னலுக்குச் சன்னல் ஒப்பிடுவதே முறை.) ஒரு கனமீட்டர் செங்கற் சுவர் 2,141 மெகாஜூல் கொள்ள, நூற்றுக்கு ஆறு பங்கு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த மண்கல் சுவர் 646 மட்டுமே கொள்கின்றது. மண்கல் சூளைக்குள் செல்வதில்லை என்பதே காரணம்.

இக்கல்லைக் காண நாம் பெங்களூர் செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரோவில்லின் பார்வையாளர் மையம் இத்தகைய மண்கற்களால் எழுந்ததே. ஏழையர்க்கான கட்டடக் கலைக்கென, எகிப்தின் மண்கட்டடச் சிற்பி ஹசன் ஃபாத்தியின் பெயரால் அமைந்த விருதை 1992-இல் அது பெற்றது.

ஆனால் இந்த எண்கள் நம் நம்பிக்கைகளையும் அசைத்துப் பார்க்கின்றன. புதுச்சேரியின் பழைய வீடுகளைக் கண்டு, சுண்ணாம்பு சிமெண்ட்டினும் மிகச் சிக்கனமானது என்று நாமும் எண்ணியிருந்தோம். ஆய்வோ, கிலோவுக்கு 5.63 மெகாஜூல் என்கின்றது, ஏறத்தாழச் சமமே! சுண்ணாம்பும் காளவாயில் வெந்து வருவதுதானே? எனினும் ஆற்றல் கணக்கில் மட்டும் கதை முடிந்துவிடவில்லை. சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது, வேகையில் தான் வெளிவிட்ட கரியமிலவாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து மீட்டுக்கொள்கின்றது. இடிக்கும்போதும் அதன் செங்கற்கள் பெரும்பாலும் முழுமையாகப் பிரிந்து வரும்; சிமெண்ட்டில் பதித்த கல்லோ உடைந்தே வரும். முழுமையாக வந்த கல்லை மீண்டும் அடுக்கினால் சூளைச் செலவு இல்லை.

ஆயுளும் இக்கணக்கின் ஒரு பகுதியே. கம்பிக் கான்கிரீட் சட்டகத்தாலான பல அடுக்குக் கட்டடத்திற்குச் சதுரமீட்டருக்கு 4,210 மெகாஜூல் என்கின்றது அதே ஆய்வு. அக்கட்டடம் அறுபது ஆண்டுகள் நிற்பின் ஆண்டுக்கு 70. உப்புக் காற்றால் இருபத்தைந்து ஆண்டில் இடிக்க நேரின் 168. பொருள் ஒன்றே, விரயம் இரு மடங்கிற்கும் மேல். இடம் குறுகிய மனையில் மாடிமேல் மாடி கட்டுவோர்க்குக் கம்பியைத் தவிர்த்தல் இயலாது. அவர்கள் பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, கம்பியின்மேல் கான்கிரீட் எத்தனை மில்லிமீட்டர் மூடியிருக்கும் என்பதே. கடற்கரைச் சூழலுக்கு வெளிப்பட்ட கான்கிரீட்டில் அது 45 இருத்தல் வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 வரையறுத்துள்ளது.