ஆற்றங்கரைப் பாசறை

வீட்டையும் அலுவலையும் சில நாள் விட்டு நீங்கிக் கானகத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் அமெரிக்க மக்களிடம் வேரூன்றிய ஒன்று. கோடை விடுமுறை தொடங்கியதும் அவர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிடுவர். கூடாரத் துணி, முளைகள், கயிறு, போர்வை, சமையற் கலங்கள், விளக்கு ஆகிய யாவும் காரில் ஏறும். இவ்வாறு செல்வோருக்கென்றே நாடெங்கும் பாசறை நிலங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று மிச்சிகன் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில், பிளாட் என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ளது. காடும் ஆறும் ஏரியும் மணற்குன்றும் ஒன்றையொன்று அடுத்திருக்கும் இடம் அது. 'உறங்கும் கரடி' எனப் பொருள்படும் ஸ்லீப்பிங் பேர் என்ற பெயரால் 1970ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அமைக்கப்பட்ட தேசிய ஏரிக்கரைப் பூங்காவின் தென்பகுதியில் இப்பாசறை அடங்கியிருக்கிறது.

ஏரி என்றவுடன் மதகும் கரையும் உடைய ஊர் ஏரியை எண்ணிவிடக் கூடாது. மிச்சிகன் ஏரியின் நீளம் ஏறத்தாழ 300 மைல்; மிக ஆழமான இடத்தில் 900 அடிக்கு மேல் ஆழம். கரையில் நிற்பவனுக்கு எதிர்க்கரை புலனாகாது. அலை எழும், கப்பல் ஓடும், புயலில் கப்பல் உடைவதும் உண்டு. ஆயினும் நீரை அள்ளிச் சுவைத்தால் உப்புக் கரிப்பதில்லை.

இவ்வேரியைத் தோண்டியது பனி. பழங்காலத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பெரும் பனிப்பாளங்கள் நிலத்தைக் குடைந்து, கல்லையும் மணலையும் களிமண்ணையும் வாரிக்கொண்டு வந்தன. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் அவை இப்பகுதியை விட்டு உருகிப் பின்வாங்கியபோது, தாம் சுமந்து வந்தவற்றைக் குன்று குன்றாகப் போட்டுச் சென்றன. குடைந்த பள்ளத்தில் நீர் நிறைந்தது. அன்று முதல் அலை மணலைக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. மேற்கிலிருந்து வீசும் காற்று அம்மணலை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது.

பாசறைக்கு வருவோர் பலர் காடு வேறு, மணற்குன்று வேறு என்று நினைத்துக்கொள்கின்றனர். உண்மை அதுவன்று. பிளாட் ஆற்றை அடுத்த தாழ்நிலம் முழுவதும் ஒருகாலத்தில் ஏரியின் கரையாக இருந்ததே. கடந்த நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஏரி சிறிது சிறிதாகப் பின்வாங்கியது. பின்வாங்கிய இடந்தோறும் ஒரு மணல் வரம்பை விட்டுச் சென்றது. வரம்பும் பள்ளமும் மாறி மாறி, உழுத வயலின் படைச்சால்போல அவை வரிசையாகக் கிடக்கின்றன. வரம்பின்மேல் முதலில் புல் முளைத்தது. பின் புதர் தோன்றியது. அதன்பின் பைன் மரமும் ஓக் மரமும் வளர்ந்தன. பள்ளங்களில் நீர் தேங்கிச் சதுப்பாயிற்று. ஆகவே, பாசறையிலிருந்து காட்டு வழியே ஏரியை நோக்கி நடப்பவன் பழைய கரையிலிருந்து புதிய கரைக்கு நடக்கிறான். இரண்டு மைலுக்கும் குறைவான அந்நடையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவன் காலடியில் கழிகின்றன.

இவ்வுண்மையைக் கூடாரம் அடிப்பவன் முதல் முளையிலேயே அறிந்துகொள்வான். மேலே சருகு, அதன்கீழ் விரற்கடை அளவு கரிய மண், அதற்கும் கீழே வெறும் மணல். சிறிய முளை இதில் நில்லாது. சற்றுக் காற்று வீசினாலும் கயிறு இழுக்க, முளை மெல்ல எழுந்துவிடும். நீண்ட முளையைக் கூடாரத்திற்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அடித்தல் வேண்டும். மணலால் ஒரு நன்மையும் உண்டு. இரவெல்லாம் மழை பெய்தாலும் நீர் தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். களிமண் நிலத்தில் கூடாரத்தினுள் நீர் புகுந்து அல்லற்படுவதுபோல் இங்கே பெரும்பாலும் நேர்வதில்லை. ஆனால் அந்த விரற்கடை மண்தான் காட்டை ஏந்தி நிற்பது. பல நூற்றாண்டுச் சருகு மக்கி உண்டான அதை, ஒரு கோடையில் மிதித்தே அழித்துவிடலாம். ஆகையினால்தான் ஒவ்வொரு குடும்பத்திற்கும் கூடாரம் அடிக்க இன்ன இடம், தீ மூட்ட இன்ன இடம் என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். காரை அருகிலேயே நிறுத்தித் தங்கும் இடங்களும், மூட்டையைச் சுமந்து நடந்து சென்று தங்கும் இடங்களும் இங்கே தனித்தனியாக உண்டு. அமைதி விரும்புவோர் பின்னதையே நாடுவர். அது சரியான தேர்வே.

பாசறை வாழ்வின் நடுநாயகம் தீ. மாலையில் இரும்பு வளையத்தினுள் விறகு அடுக்கித் தீ மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து உண்பதிலும் கதை பேசுவதிலும் பொழுது போகும். சூன் மாதத்தில் இங்கே கதிரவன் மறையவே இரவு ஒன்பதரை மணி ஆகும். இருட்டியபின் குளிர் இறங்கும், கொசுவும் படையெடுக்கும். தீ இரண்டிற்கும் மருந்து. ஆனால் அந்த விறகு எங்கிருந்து வந்தது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. 2002ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் டெட்ராய்ட் நகரருகே, ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த பச்சை வண்டு ஒன்று கண்டறியப்பட்டது. ஆஷ் என்னும் மரத்தின் பட்டைக்கடியில் அதன் புழு வளைந்து வளைந்து குடைகிறது. மரத்தின் உணவு ஓடும் வழி அறுபடுகிறது. சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இவ்வாறு மாண்டன. வண்டு தானாகப் பறந்து ஓராண்டில் கடக்கும் தூரம் சிறிது. நெடுந்தூரம் அது போனது மனிதர் ஏற்றிச் சென்ற விறகுக் கட்டுகளுக்குள் இருந்துகொண்டே. வீட்டுக் கொல்லையில் கிடந்த விறகைக் காரில் போட்டுக்கொண்டு வருவதில் தவறு என்ன என்று கேட்போருக்கு இதுவே விடை. அருகில் கிடைக்கும் விறகையோ, சூடேற்றிப் புழு நீக்கிய விறகையோ எரிப்பதே முறை.

தீயை அணைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. எரியும் கங்கின்மேல் மணலை மூடிவிட்டால் தீ அவிந்ததுபோலத் தோன்றும். ஆனால் மணல் சூட்டை நெடுநேரம் காத்துவைக்கும். மறுநாட்காலையில் வெறுங்காலுடன் ஓடிவரும் குழந்தை அதன்மேல் கால் வைக்க நேரலாம். ஆதலால் நீரூற்றிக் கிளறி, கையால் தொடும் அளவிற்கு ஆறியபின்பே படுக்கச் செல்ல வேண்டும்.

பகற்பொழுதின் இன்பம் ஆற்றில். பிளாட் ஆறு தெளிந்தது, கீழ்ப்பகுதியில் ஆழமற்றது, அடியில் மணல் பரந்தது. ஓடத்தில் ஏறித் துடுப்பை ஓரிரு முறை வலித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் ஆறே கொண்டுபோய் ஏரியில் சேர்த்துவிடும். காற்றடைத்த வளையத்தில் மிதந்து செல்வோரும் பலர். இச்சிற்றாறு மீனறிஞர் உலகில் பெயர் பெற்றது. கடலிலிருந்து கால்வாய் வழியே புகுந்த லாம்ப்ரே என்னும் உறிஞ்சி உயிர், ஏரியின் பெரிய மீன்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. உண்பார் இல்லாமையால் அலிவைஃப் என்ற சிறுமீன் அளவிறந்து பெருகி, 1967இல் கரையெங்கும் செத்து ஒதுங்கி நாறியது. இப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த எண்ணி மாநில மீன்துறையினர் 1966ஆம் ஆண்டு இளவேனிற்காலத்தில் பசிபிக் கடற்பகுதிக்குரிய கோகோ சால்மன் குஞ்சுகளை இவ்வாற்றில் விட்டனர். குஞ்சுகள் ஏரிக்குச் சென்று அச்சிறுமீன்களைத் தின்று கொழுத்தன. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில், தம்மை விட்ட ஆற்றையே நாடித் திரண்டு வந்தன.

மீன் வந்த செய்தி பரவியதும் மக்களும் திரண்டனர். ஆற்றுக்கேற்ற சிறு படகுகளில் ஆயிரக்கணக்கானோர் ஏரிக்குள் இறங்கினர். 1967 செப்டம்பர் 23ஆம் நாள் திடீரென்று புயல் மூண்டது. எச்சரிக்கை விடுத்தும் பலர் கரை திரும்பவில்லை. படகுகள் கவிழ்ந்தன, எழுவர் உயிரிழந்தனர். ஆற்றின் அமைதியைக் கண்டு ஏரியை மதிப்பிடக் கூடாது என்பதை அவ்வூரார் இன்றும் வருவோரிடம் சொல்கின்றனர்.

பாசறையிலிருந்து வடக்கே சென்றால் பெரிய மணற்குன்றுகளைக் காணலாம். பனிப்பாளங்கள் விட்டுச் சென்ற மேட்டின்மேல் காற்று மணலைக் கொண்டுபோய்ப் பரப்பியிருக்கிறது. ஏரிமட்டத்திற்கு மேல் 450 அடி உயரத்தில் நின்று கீழே நோக்கினால், நீர் கரையருகே வெளிர்பச்சையாகவும் அப்பால் கருநீலமாகவும் தோன்றும். அங்கிருந்து சரிவில் ஓடி இறங்கச் சில நிமிடமே ஆகும். ஏறுவதோ ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும் ஏற்றம். நல்ல உடல்வலிமை உள்ளவரும் தவழ்ந்தே வரவேண்டியிருக்கும். எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டும் இறங்கிச் சென்று, ஏற மாட்டாமல் தவித்து, மீட்புக் குழுவினரின் கையை எதிர்நோக்குவோர் ஆண்டுதோறும் உளர்.

உறங்கும் கரடி என்னும் பெயருக்கு ஓஜிப்வா என்னும் பழங்குடி மக்கள் ஒரு கதை சொல்வர். ஏரியின் மேல்கரையில் காட்டுத்தீ பரவியபோது ஒரு தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் உயிர்பிழைக்க நீரில் பாய்ந்து நீந்தின. தாய் கிழக்குக் கரை ஏறிவிட்டது. குட்டிகள் இளைத்துப் பின்தங்கிக் கரையை நெருங்கும் வேளையில் மூழ்கிவிட்டன. அவை மூழ்கிய இடத்தில் எழுந்தவையே வட மானிட்டு, தென் மானிட்டு என்னும் இரு தீவுகள். குட்டிகளை எதிர்பார்த்துக் கரையில் படுத்த தாயின்மேல் மணல் மூடிற்று; அதுவே அக்குன்று.

முன்பு அக்குன்றின் உச்சி மரமும் புதரும் மண்டி இருண்டிருந்தது. ஏரியிலிருந்து பார்ப்பவர்க்கு உண்மையிலேயே கரடி படுத்திருப்பதுபோல் தோன்றிற்று. இன்று அத்தோற்றத்தைத் தேடித்தான் காணவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 234 அடி உயரமிருந்த அக்குன்று, 1961இல் 132 அடியாகவும் 1980இல் 103 அடியாகவும் குறைந்தது. அலை அடியை அரித்தது. செடிகொடிப் போர்வை கிழிந்தது. கிழிந்த இடத்தில் காற்று புகுந்து மணலை வாரிச் சென்றது. குன்றைப் பிடித்து வைத்திருப்பது புல்லே. கரையில் வளரும் அப்புல்லை மணல் மூட மூட அது மேலே வளரும். மணலுக்குள் கிழங்குபோன்ற தண்டை ஓடவிட்டுப் பின்னும். புதைவதைத் தாங்கும் அப்புல் மிதிபடுவதைத் தாங்காது. ஓயாது ஒரே தடத்தில் கால்கள் பட்டால் அது மடியும்; அத்தடமே காற்றுக்கு வாயிலாகும். காற்று ஏந்திச் செல்லும் மணல் எளிய பொருளன்று. இக்கரையில் 1901இல் கட்டிய கப்பலோர் உயிர்காப்பு நிலையத்தை மணல் மூடத் தொடங்கியதால், 1931இல் அதைப் பெயர்த்துக் குதிரைகளைக் கொண்டு இழுத்து வேறிடத்தில் வைக்க நேர்ந்தது.

இந்நிலத்தைப் பூங்காவாக்கும் முயற்சியும் எளிதாக முடிந்துவிடவில்லை. பிலிப் ஹார்ட் என்னும் செனட்டர் 1961இல் சட்டமுன்வரைவைக் கொண்டுவந்தபோது, ஏரிக்கரையில் வீடும் நிலமும் உடையோர் கடுமையாக எதிர்த்தனர். பாட்டன் காலத்து வீட்டை விட்டுப் போ என்றால் யார்க்குத்தான் மனம் வரும்? ஒன்பது ஆண்டுகள் வழக்காடியபின்பே சட்டம் நிறைவேறியது. இன்று எல்லார்க்கும் பொதுவாகக் கிடக்கும் கரையில் சிலருடைய இழப்பும் கலந்திருக்கிறது.

பிளாட் ஆறு ஏரியில் கலக்கும் முகத்தில் மணல் திட்டு ஒன்று நீண்டிருக்கிறது. ஆண்டுதோறும் அது வடிவம் மாறும். பாசறை மக்கள் நீராடவும் விளையாடவும் கூடும் இடம் அதுவே. கேடு என்னவெனில், உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவைக்கும் அதுவே வேண்டியிருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 50 கிராம். நிறம் உலர்ந்த மணலின் நிறம். அது கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கிடையே மணலைச் சிறிது கீறி நான்கு முட்டை இடும். நெருங்கி நின்று பார்ப்பவனுக்கும் முட்டை கல்லாகவே தோன்றும். பேரேரிகளின் கரைகளில் நூற்றுக்கணக்கில் வாழ்ந்த இப்பறவை, 1986ஆம் ஆண்டளவில் 17 இணைகளாகக் குறைந்து, அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது.

மே மாதத்தில் முட்டை கண்டதும் காவலர் கரையின் ஒரு பகுதியைக் கயிறு கட்டி மறைக்கின்றனர். பறவை நுழையலாம், நரியும் காக்கையும் நுழையலாகாது என்னும் அளவில் கம்பிக்கூண்டு ஒன்றை முட்டையின்மேல் வைக்கின்றனர். நாயைக் கட்டவிழ்த்து விட்டால் பறவை அஞ்சி எழும். எழுந்த நேரத்தில் முட்டை வெயிலில் வெந்துபோகும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடி இரை தேடும். பறக்க மூன்று வாரத்திற்கு மேல் ஆகும். தாயும் தந்தையும் இழந்த முட்டைகளை எடுத்துச் சென்று, டெட்ராய்ட் விலங்குக்காட்சிச் சாலையினர் பொரிக்கவைத்து வளர்த்துக் கரையில் விடுகின்றனர். 2023ஆம் ஆண்டில் பேரேரிக் கரைகளில் 80 இணைகள் எண்ணப்பட்டன. அவற்றுள் பல இப்பூங்காவின் கரைகளில் முட்டையிட்டவை.

கோடை முடியுமுன்பே, பாசறைக் கூடாரங்கள் நிறைந்திருக்கும்போதே, பறவைகள் புறப்பட்டுவிடும். முதலில் தாய், பிறகு தந்தை, கடைசியில், வழியறியாத குஞ்சுகள் தாமாகவே. காலில் காவலர் பூட்டிய வண்ண வளையங்களுடன் அவை தெற்கே அட்லாண்டிக் கடற்கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் சென்று இறங்குகின்றன. காவலரும் கயிறுகளை அவிழ்த்துவிடுவர். அதன்பின் குழந்தைகள் அத்திட்டின் முனைவரை ஓடலாம்.