ஜம்போ காடையின் நிறையும் முட்டையும்

ஜம்போ என்று சொல்லி விற்கப்படும் காடைக் குஞ்சுகளை அதிக விலைக்கு வாங்கி, ஆறு வாரம் தீனியிட்ட பின் அவை சாதாரணக் காடைகளாகவே நின்றுவிடக் கண்டு வருந்துவோர் உளர். அவர்கள் பெரும்பாலும் தீனியையே குறை கூறுகின்றனர். தீனி நன்றாயிருந்தும் பறவை பெருக்கவில்லையெனில், குறை வித்தில் இருத்தல் கூடும். இன்ன வயதில் இன்ன நிறை என்பதை அறிந்தவர் இவ்விதம் ஏமாறார்.

ஜம்போ என்பது தனி ஜாதியன்று. ஜப்பானியக் காடையிலேயே கனத்த பறவைகளைத் தலைமுறைதோறும் பொறுக்கி இணைத்துப் பெறப்பட்ட வழியாகும். (ஜப்பானியக் காடை நம் தேசத்திற்கு 1974ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து இஸத்நகருக்குக் கொண்டுவரப்பட்டது.) அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து ஏதென்ஸ் நகரில் மார்க்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், நான்காம் வார நிறையையே அளவாகக் கொண்டு தொண்ணூறுக்கு மேற்பட்ட தலைமுறைகள் பொறுக்கி வந்ததில், அவ்வயதுக் காடையின் நிறை இரு மடங்கிற்கும் அதிகமாயிற்று.

சாதாரணக் காடைக் குஞ்சு பொரித்த அன்று சுமார் 7 கிராம் இருக்கும். ஒரு பவுன் நிறைகூட இல்லை. நான்கு வாரத்தில் 100 கிராமை அடுத்தும், ஆறு வாரத்தில் 120 முதல் 150 கிராம் வரையிலும் வளர்கின்றது. நல்ல ஜம்போ வழியில் குஞ்சு 9 அல்லது 10 கிராமும், ஆறு முதல் எட்டு வாரத்தில் பறவை 250 கிராமுக்கு மேலும் காணும். கோழிக்கு மாறாக, காடையில் பெட்டையே சேவலைவிடக் கனமானது. முட்டையிடும் பருவத்தில் கருப்பையும் ஈரலும் பெருப்பதே இதற்கு முக்கியக் காரணம். ஆகவே முட்டையிடும் பெட்டையைத் தராசிலிட்டுக் காட்டி வியாபாரம் பேசுவோரிடம் சேவலையும் நிறுத்துக் காட்டும்படி கேட்க வேண்டும்.

சாதாரணக் காடை முட்டை 10 கிராம். ஜம்போ முட்டை 12 முதல் 14 கிராம். குஞ்சின் நிறை முட்டையின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகும். ஆகையால் குஞ்சு வாங்குமிடத்தில் தட்டார் தராசேனும் கொண்டு பத்துக் குஞ்சுகளை ஒருங்கே நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் இளம்பெட்டையின் முதல் முட்டைகள் சிறியவை. அவற்றின் குஞ்சுகளும் சிறுத்தேயிருக்கும். ஆதலின் இச்சோதனை மட்டும் போதாது; தாய்ப்பறவைகளையும் நேரில் காணுதல் வேண்டும்.

இங்கே கணக்கொன்று கவனிக்கத்தக்கது. உடல் இரட்டித்தாலும் முட்டை மூன்றிலொரு பங்கே பெருக்கின்றது. தீனிச் செலவோ அதனினும் மிகும். முட்டைக்காகவே வளர்ப்பவருக்கு ஜம்போ லாபகரமானதன்று என்பது எமது அபிப்பிராயம். இறைச்சிக்கு வளர்ப்பவருக்கே அது ஏற்றது.

சொந்தமாக வித்துக்கு நிறுத்துவோர் 28ஆம் நாளில் ஒவ்வொரு பறவையையும் நிறுத்து, சேவலில் கனத்தவற்றையும் பெட்டையில் கனத்தவற்றையும் தனித்தனியே பொறுக்குக. மார்பு செம்பழுப்பாயிருப்பது சேவல்; புள்ளி விழுந்திருப்பது பெட்டை. இரண்டு மூன்று பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. ஒரே குடும்பத்துப் பறவைகளை மீண்டும் மீண்டும் இணைத்தலாகாது. காடை இதனைக் கோழியைப்போலத் தாங்காது. கருக்கூடுதலும் பொரிப்பும் விரைவில் குன்றும். ஆகவே வேற்றிடத்துச் சேவல்களை அவ்வப்போது மாற்றிக்கொள்ளுக. அவற்றையும் நிறுத்த பின்னரே கூண்டில் விடுக.